கவிமணி நினைவாக எங்கள் ஊர்ச் சிறுகதைப் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நினைவாக, கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் தேரூர்க் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் எங்கள் சிற்றூரில், நூலகத்துக்கு வந்துபோகும் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு சிறுகதைப் போட்டி நடத்திவருகிறோம். அவர் பிறந்த நாளான ஜூலை 27 அன்று கதைகளை வாங்கத் தொடங்குவோம். ஆகஸ்ட் 31-ஓடு நிறுத்திக்கொள்வோம். அவர் மறைந்த நாளான செப்டம்பர் 26 அன்று முடிவைச் சொல்லி விழா நடத்துவோம். நூலக வாசலிலும் பேருந்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் எங்களை நிறுத்திக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கவிஞர் பெயரில் கவிதைப் போட்டிதானே வைக்கவேண்டும்? கதைப் போட்டி ஏன்?

முதல் ஆண்டிலிருந்தே கேட்கிறார்கள். இதற்குப் பதில் அவருடைய 'மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலில் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் பெரும்பாலான குடும்பங்களில் ஒருகாலத்தில் மருமக்கள்வழிதான் நடைமுறை. ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அதுவும் சண்டை போட்டு வாங்கவேண்டும். கணவன் கண்ணை மூடினால் பத்து வருடம் சமைத்துப்போட்ட வீட்டைவிட்டு ஒருத்தி பிள்ளைகளோடு இறங்கவேண்டியதுதான்.

கவிமணி இதைக் கட்டுரையாக எழுதவில்லை, மேடையேறிப் பேசவும் இல்லை. ஒரு காரணவரின், அதாவது மருமக்கள்வழிக் குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவியைப் பேசவைத்தார். தான் பிறந்தது முதல் அவள் சொல்லத் தொடங்குகிறாள். மாமியார் ஆட்சி, நாத்தி குத்தல், மருமகன் சொத்தைக் கரைத்தது, கோர்ட்டுக்கு நடந்தே குடும்பம் அழிந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. 'மாமி அரசியற் படலம்' என்று ஒரு பகுதி. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று இன்னொன்று. கோடு என்றால் இங்கே நீதிமன்றம். தலைப்பைப் படித்ததுமே பாதிக் கதை தெரிந்துவிடும். சிரிக்கச் சிரிக்கத் தொடங்கும் பாட்டு, கடைசியில் வயிற்றைப் பிசையும்.

1917-18 வாக்கில் இது பத்திரிகையில் தொடராக வந்தது. 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, பெற்ற பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கிடைத்தது. அந்தச் சட்டத்தைப் பாட்டு மட்டுமே கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். வழக்கறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களும் பல வருடம் அலைந்திருக்கிறார்கள். ஆனால் அடுக்களைக்குள்ளேயே அழுது முடித்துக்கொண்டவளின் குரலை நாலு பேர் கூடும் இடத்துக்குக் கொண்டுவந்தது அந்தப் பாட்டு. யாப்பில் இருந்தாலும் அது கதை. எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படிப் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் எழுதவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

கவிமணியைப் பற்றி எதுவும் தெரியாது. சுருக்கமாகச் சொல்லமுடியுமா?

அவரை உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பசு தோட்டத்தில் மேய, கன்றுக்குட்டி துள்ளிக்குதித்து ஓடுமே, ஒன்றாம் வகுப்பில் பாடியிருப்பீர்களே, அது அவர் எழுதியது. மங்கையராகப் பிறக்க மாதவம் செய்யவேண்டும் என்ற வரியும் அவருடையதுதான்.

1876-ல் தேரூரில் பிறந்தார். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் தொடக்கப் பள்ளியில் மலையாளம் படித்தார். தமிழைத் தேரூருக்குப் பக்கத்து மடத்திலிருந்த தம்பிரான் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். பிறகு நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான புத்தேரியில் தங்கிவிட்டார். 'ஆசிய ஜோதி'யில் புத்தரைத் தமிழில் பாடினார். அவர் தமிழாக்கிய உமர்கய்யாம் பாடல்களைப் படித்தால் பாரசீகக்காரர் பாடியது போலவே தோன்றாது, எங்கள் பக்கத்துப் பழையாற்றங்கரையில் உட்கார்ந்து யாரோ பாடியது போல இருக்கும். கல்வெட்டுகளைத் தேடிப் போய்ப் படித்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றி ஆராய்ச்சியும் செய்தார். இலக்கிய ரசிகரான ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) அவரைக் கொண்டாடினார். 1940-ல் சென்னையில் 'கவிமணி' பட்டம் கொடுத்தார்கள்.

1954-ல் மறைந்தார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அந்த நாளை அவர் பார்க்கவில்லை. எனக்கு எப்போதும் மனதில் நிற்கிற செய்தி இது.

கதை கவிமணியைப் பற்றியோ அவர் பாட்டைப் பற்றியோ இருக்கவேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கதை முடியும்போது அவர் வரி ஒன்றை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள், அது உண்மையில்லை. கதைக்கு வேண்டியிருந்தால் அவர் வரிகளைத் தாராளமாக எடுத்தாளலாம். எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு கடந்துவிட்டதால் 2015 முதல் அவர் பாடல்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை.

யார் எழுதலாம்? குமரி மாவட்டத்துக்காரராக இருக்கவேண்டுமா?

யாரும் எழுதலாம். தமிழில் எழுதினால் போதும். சென்னையிலிருந்தும் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களிடமிருந்தும் கதைகள் வருகின்றன. முதல் மூன்று பரிசுகள் எல்லோருக்கும் பொது. இதுவரை எங்கும் கதை அச்சாகாத, இந்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு பரிசு வைத்திருக்கிறோம். என் மனசுக்கு அதுதான் பெரிய பரிசு.

எத்தனை சொற்கள் இருக்கலாம்?

ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை. நூறு சொல் கூடினால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். நாலாயிரம் ஆகிவிட்டால் திருப்பித் தந்துவிடுவோம். விழாவில் கதையை முழுதாக வாசிக்கிறோம். ஊர்க்காரர்கள் இருபது நிமிடம்வரை அசையாமல் கேட்பார்கள், அதற்குமேல் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடும்.

வட்டார வழக்கில் எழுதலாமா? நல்ல தமிழில்தான் எழுதவேண்டுமா?

"நல்ல தமிழ்" என்று கேட்கும்போதே மனசு நோகிறது. எங்கள் ஆத்தா பேசியது நல்ல தமிழ்தான்.

எழுதலாம். உரையாடலில் மட்டும் அல்லாமல் கதை முழுக்கவும் எழுதலாம். இந்த மாவட்டத்திலேயே பேச்சு ஒன்றாக இல்லை. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தண்ணி என்றால், மேற்கே விளவங்கோட்டில் வெள்ளம் என்பார்கள். இங்கே "சொன்னான்" என்பதை அங்கே "பறஞ்சான்" என்பார்கள். கடற்கரைக்குப் போனால் காற்றுக்கே வேறு வேறு பெயர்: கச்சான், கொண்டல், வாடை. அந்தக் காற்றின் பெயரை வைத்துத்தான் அன்றைக்கு வள்ளம் இறக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். கச்சான் என்று சொல்லாமல் "மேற்குத் திசைக் காற்று வீசியது" என்று எழுதினால் அந்த ஆள் கடலுக்கே போகாத ஆள்.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். கடைசிச் சுற்றுக்கு வந்த கதையில் ஒரு கிழவி, "மனசுக்கு வெப்ராளமா இருக்கு மக்கா" என்கிறாள். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். வருத்தம் என்றார் ஒருவர். படபடப்பு என்றார் இன்னொருவர். ஆற்றாமை என்று மூன்றாவது பதில். எங்களோடு படிக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை விரித்து நெஞ்சில் வைத்து, விரல்களை மெல்ல மடக்கிக் காட்டினார். துணியைப் பிழிகிற மாதிரி. நடுவர் தலையாட்டிவிட்டு, அந்த வரியை மறுபடி ஒருமுறை சத்தமாகப் படித்தார். அந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு போடாமல் விட்டது எழுதியவரின் கெட்டிக்காரத்தனம். முன்னும் பின்னும் நடப்பதை வைத்தே வாசகர் புரிந்துகொள்வார்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். பேசாத சொல்லைத் தேடிப் பிடித்து ஒட்டவைக்காதீர்கள். வரிக்கு வரி "எலே", "ஓய்", "மக்கா" என்று தூவினால் அது எங்கள் பேச்சாகிவிடாது. உங்கள் ஊர் தருமபுரி என்றால் தருமபுரிப் பேச்சில் எழுதுங்கள், ஆவலோடு படிப்போம்.

மலையாளம் கலந்துவிடுகிறதே?

கலக்கட்டும். நன்றாயிருக்கிறது என்பதற்கு "கொள்ளாம்" என்று சொல்லாத வீடு இங்கே உண்டா? எப்படிப் பேசுகிறார்களோ அப்படி வரட்டும். கவிமணியே அந்தக் 'கோடு' என்ற சொல்லைப் படலத்தின் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்.

கையால் எழுதி அனுப்பலாமா?

தாராளமாக. தட்டச்சு செய்யும் வேலை எங்களுடையது. நான்கு கல்லூரிப் பிள்ளைகள் அதற்காகவே வருகிறார்கள். எழுத்துப் பிழை இருந்தால் அவர்களே திருத்திவிடுவார்கள். பேச்சு வழக்கைத் திருத்தக்கூடாது என்று உட்காரும்போதே சொல்லிவிடுவோம்.

தோவாளைப் பக்கத்திலிருந்து பூக்கட்டும் பெண்மணி ஒருவர் ஒருமுறை கதை கொடுத்தார். பிள்ளையின் பள்ளி நோட்டில் மிச்சமிருந்த தாள்கள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. பின் அடிக்க ஸ்டேப்ளர் இல்லை போலும். ஓரத்தில் ஊசியால் துளை போட்டு, வாழைநாரால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். சரம் கட்டுகிற அதே முடிச்சு. கட்டை அவிழ்க்கும்போது பிச்சிப்பூ வாசம் இருந்தது. விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டிய பூ மழையில் நின்றுவிட்ட ஒரு நாளைப் பற்றிய கதை அது. பூவை என்ன செய்தார்கள் என்பதுதான் முடிவு. பரிசு அந்த ஆண்டு வேறொருவருக்குப் போயிற்று. அந்தக் கதையை இன்றைக்கும் விழாவில் யாராவது ஒருவர் நினைவுகூர்கிறார்கள்.

கையால் எழுதுகிறவர்கள் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், காரணம் உண்டு. தொடக்கத்தில் ஓர் ஆண்டு, ஆடிச் சாரலில் நூலகக் கூரை ஒழுகி, என் பொறுப்பில் இருந்த கதைக் கட்டின் மேலே இருந்த கதை முழுக்க நனைந்துவிட்டது. மையெல்லாம் கரைந்து நீலமாக ஓடியிருந்தது. எழுதியவரிடம் வேறு படி இல்லை. நான் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "திரும்ப எழுதினா அப்படி வராதுல்லா" என்று மட்டும் சொன்னார். மறுவருடம் அவர் கதை அனுப்பவில்லை. அன்றிலிருந்து, கதை கைக்கு வந்த அன்றைக்கே ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறோம்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஆனால் நல்ல கதை சொல்வார். அவர் சொல்ல நான் எழுதி அனுப்பலாமா?

அனுப்புங்கள். கதை அம்மா பெயரில் வரவேண்டும், எழுதியவர் என்று உங்கள் பெயரும் சேரும். ஃபோனில் பதிவுசெய்து அனுப்பினாலும் எடுத்துக்கொள்வோம், கேட்டு எழுதுவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: அவர் சொன்ன வரிசையை மாற்றாதீர்கள். கிழவிகள் கதை சொல்லும்போது நடுவில் "அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்" என்று பின்னால் போவார்கள். அதைச் சீர்படுத்திவிட்டால் கதையின் உயிர் போய்விடும்.

கணினியில் எந்த எழுத்துருவில் அனுப்பவேண்டும்?

யூனிகோடு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வந்தாலும் மாற்றிக்கொள்வோம், ஆனால் மாற்றும்போது ஒற்றெழுத்துகள் சில இடம் மாறிவிடுகின்றன. படமாக எடுத்து அனுப்புவதாக இருந்தால் வெளிச்சத்தில் எடுங்கள்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

இல்லை. எப்போதும் இருக்காது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி அனுப்பலாமா?

கூடாது. எழுத்துப் பிழை பார்க்கவோ தட்டச்சுக்கோ பயன்படுத்தினால் குற்றமில்லை. கதை உங்களுடையதாக இருக்கவேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று அடுத்துக் கேட்கிறார்கள். கடைசிச் சுற்றுக்கு வரும் பத்துப் பேரையும் அழைத்துப் பேசுவோம். சோதனை எதுவும் இல்லை, சும்மா பேச்சுதான். "உங்க கதையில வர்ற வீட்டுல படிப்புரை எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" என்று கேட்போம். படிப்புரை என்றால் வாசல் திண்ணை. கதையில் அது இருக்காது. ஆனாலும் எழுதியவர் யோசிக்காமல் பதில் சொல்வார், கூடவே அந்த வீட்டு அங்கணத்தில் தண்ணீர் தேங்கியது, வாசலில் நின்ற பசு என்று சொல்லிக்கொண்டே போவார். கதையில் எழுதியதைவிட எழுதாமல் விட்டது அதிகம் வைத்திருப்பவர்தான் எழுத்தாளர். கவிமணி அந்த ஐந்தாம் மனைவியை எழுத எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பேச்சைக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

முகநூலில் போட்ட கதையை அனுப்பலாமா?

சொந்தப் பக்கத்தில் போட்டது என்றால் பரவாயில்லை. இதழிலோ தொகுப்பிலோ வந்தது வேண்டாம். வேறொரு போட்டிக்கு அனுப்பி முடிவு வராமல் இருப்பதும் வேண்டாம்.

உண்மையில் நடந்ததை எழுதலாமா? சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களே?

எழுதலாம், ஆளை மறைத்து எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றினால் சிறிய ஊரில் அது மறைப்பு ஆகாது. கடன்பட்டு வீட்டை விற்ற ஒருவரைப் பற்றி ஒரு கதை வந்தது. பெயர் வேறு, ஆனால் வீட்டு முன்னால் நின்ற அயனி மரம் முதல் அவர் நொண்டும் கால்வரை அப்படியே இருந்தது. படித்த ஐந்து பேருக்கும் யாரென்று தெரிந்துவிட்டது. எழுதியவரை அழைத்துப் பேசினோம். ஊரையும் தொழிலையும் மாற்றி எழுதித் தந்தார். கதை முன்னைவிட நன்றாக அமைந்தது. தெரிந்த ஆளை விட்டு விலகியதும் அவருக்குக் கற்பனை செய்ய இடம் கிடைத்தது.

சாதி, சொத்துத் தகராறு, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை இதையெல்லாம் எழுதலாமா? விழாவில் பெரியவர்கள் இருப்பார்களே?

இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேண்டும். மான்மியத்தை எழுதியவர் நாஞ்சில் வேளாளர்தான். தன் சமூகத்துக்கு உள்ளேயே இருந்த வழக்கத்தை, தன் சொந்தபந்தங்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதினார். அவர் எழுதியது அடுத்த தெருக்காரனைப் பற்றி அல்ல. எங்களுக்கு வரும் கதைகளில் இதில்தான் குறை காண்கிறேன். சாதி வெறியன் என்றால் எப்போதும் வேறொரு ஆள், தடித்த மீசை, கரகரத்த குரல். கதை சொல்கிறவர் வீட்டில் வேலைக்கு வருகிறவருக்கு எந்தக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. அதை எழுதுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால் அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு சமூகத்தைக் கேவலப்படுத்துவதற்காகவே எழுதியதை மட்டும் எடுக்கமாட்டோம்.

யார் படிக்கிறார்கள்? எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

கதை வந்ததும் எண் போடுவோம். பெயர் எழுதிய துண்டுச்சீட்டு உறைக்குள் போய்ப் பழைய இரும்புப் பெட்டி ஒன்றில் பூட்டப்படும். சாவி, கதை படிக்காத ஒருவரிடம் இருக்கும். பிறகு ஒவ்வொரு கதையையும் இரண்டு பேர் தனித்தனியாக முழுக்கப் படிப்பார்கள். முதல் பக்கம் பிடிக்கவில்லை என்று யாரும் மூடிவைக்கக்கூடாது, அது எங்களுக்குள் சத்தியம். படிக்கிறவர்களில் ஆசிரியை உண்டு, தையற்கடைக்காரர் உண்டு, கல்லூரி மாணவி உண்டு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் உண்டு. இலக்கியம் படித்தவர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தால் எல்லாக் கதையும் ஒரே ஜாடையில் அமைந்துவிடுகிறது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இரண்டு பேரில் ஒருவர் "கட்டாயம் வேண்டும்" என்றால் கதை அடுத்த சுற்றுக்குப் போகும். மற்றவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். இரண்டு பேரும் "பரவாயில்லை" என்ற கதையைவிட ஒருவர் அடித்துச் சண்டைபோடும் கதையில் ஏதோ இருக்கும். அப்படித் தேறியவற்றைச் செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்து சத்தமாகப் படிப்போம். கண்ணால் படிக்கும்போது தெரியாத பொய், காதில் விழும்போது தெரிந்துவிடும். கடைசிப் பத்தில் பரிசு யாருக்கு என்பதை வெளி மாவட்டத்திலிருந்து வரும் எழுத்தாளர் ஒருவர் முடிவுசெய்வார். அவர் யார் என்பது விழாவன்றுதான் தெரியும்.

எந்த மாதிரிக் கதைகள் தேறுவதில்லை?

தேரூர்க் குளத்தில் பறவைகள் வந்து இறங்கும் காட்சியோடு தொடங்குபவை நிறைய வருகின்றன. குளம் அழகுதான். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022 முதல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் "வண்ணப் பறவைகள்" என்று எழுதாதீர்கள். கூழைக்கடாவா, நத்தைகுத்தி நாரையா? வந்து இறங்கிய நேரத்தில் கதையில் வருகிறவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வரப்பில் நின்றாரா, மடை திறக்க வந்தாரா?

அடுத்தது, கதை முடிந்த பிறகும் ஒரு பத்தி பாடம் சொல்வது. அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அடித்திருந்தால் பரிசு வாங்கியிருக்கக்கூடிய கதைகள் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்றாவது இருக்கும். கனவு கண்டு விழிப்பதாக முடிப்பதும் வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் எழுதலாமா?

எழுதலாம். தனிப் பிரிவு இல்லை, பெரியவர்களோடு சேர்த்தே படிப்போம். வயதைப் பெட்டிக்குள் உள்ள சீட்டில்தான் எழுதவேண்டும். பிள்ளை எழுதியதை அப்பா திருத்தி மெருகேற்றி அனுப்பினால் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

பரிசு எவ்வளவு? பணம் எங்கிருந்து வருகிறது?

முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. முதன்முறை எழுதுகிறவருக்கு 2,000 ரூபாயும் கவிமணி நூல்களும். பெரிய தொகை இல்லை என்று தெரியும். முழுக்க ஊர்ப் பணம். விழா நாளை ஒட்டிக் கன்னிப்பூ என்ற பருவத்து நெல் அறுவடை முடிந்திருக்கும். ஒரு விவசாயி ஆண்டுதோறும் ஒரு மூட்டை நெல்லின் விலையைத் தருகிறார். அவர் கதை படிப்பதில்லை, கேட்க மட்டும் வருவார். கட்சிகளிடமும் கடைகளிடமும் வாங்குவதில்லை, மேடையில் யார் பெயரும் வராது.

கதையின் உரிமை யாரிடம் இருக்கும்?

உங்களிடம். தேர்ந்தெடுத்த கதைகளை ஒரு சிறு நூலாக ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி கேட்போம், அதையும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் செய்வோம். பிறகு நீங்கள் எந்த இதழுக்கும் கொடுக்கலாம், தொகுப்பில் சேர்க்கலாம், குறும்படத்துக்கு விற்கலாம். சில போட்டிகளில் "அனுப்பியவுடன் உரிமை எங்களுக்கே" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கே அனுப்பினாலும் அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

பரிசு கிடைக்காவிட்டால் கதைக்கு என்ன ஆகும்?

கதை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறோம். நாலைந்து வரிதான். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டோம் என்று இரண்டையும் சொல்வோம். அக்டோபர் முழுக்க இந்த வேலைதான் நடக்கும். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அச்சடித்து அனுப்பலாமே, மெனக்கெடுவானேன் என்று எங்களுக்குள்ளேயே ஒரு பேச்சு வந்தது. அப்படிச் செய்தால் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அடுக்களை விளக்கில் உட்கார்ந்து எழுதியவருக்கு, ஒருவர் முழுக்கப் படித்தார் என்பது தெரியவேண்டும். நான்காவது வருடம் பரிசு வாங்கிய ஒருவர், முதல் வருடம் நாங்கள் எழுதிய கடிதத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் போட்டிருந்தார்.

கவிமணியைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

அவருடைய பாடல் தொகுப்பான 'மலரும் மாலையும்' கையில் கிடைத்தால் குழந்தைப் பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சத்தமாக. கதை எழுத உட்காருகிறவர்கள் மான்மியத்தைப் படியுங்கள். பேச்சுச் சொற்கள் புரியாவிட்டால் நிறுத்தாதீர்கள், ஓட்டத்தோடு போங்கள். நாகர்கோவில் பக்கத்துப் பாட்டி யாராவது இருந்தால் அவரிடம் வாசித்துக்காட்டுங்கள். பாதிச் சொல்லுக்கு அவர் பொருள் சொல்வார், மீதிக்குத் தன் வீட்டுக் கதையைச் சொல்வார். அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு வரலாமா? கதை அனுப்பாதவர்களும்?

வரலாம். செப்டம்பர் 26 மாலை நாலு மணிக்கு நூலக முற்றத்தில். முதலில் பிள்ளைகள் கவிமணி பாட்டு இரண்டு பாடுவார்கள். பரிசுக் கதைகளை எழுதியவர்களே வாசிக்கவேண்டும். கூச்சமாக இருந்தால் எங்கள் தமிழாசிரியை வாசிப்பார், எழுதியவர் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். பொன்னாடை, மாலை கிடையாது. சுக்குக் காப்பியும் மட்டிப்பழமும் உண்டு. மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருப்போம், ஆனாலும் குடை கொண்டுவாருங்கள். நாகர்கோவிலுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும், தூரத்திலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஊரில் யாராவது ஒரு வீட்டில் தங்கிக்கொள்ள ஏற்பாடு செய்துவைப்போம்.